"ஏன்னா…" என்று நின்றுபோன வாக்கியம்: மரண வாக்குமூலத்தை கோர்ட் எப்போது நம்பும்?

இன்றைய எபிசோடில் கொலை, தீக்காயம், குடும்ப வன்முறை பற்றியெல்லாம் பேச்சு வரும். கேட்கக் கஷ்டமாக இருந்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் கேளுங்க, தப்பே இல்லை.

நாம் எல்லாரும் பார்த்த ஒரு சினிமா சீனிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹீரோவின் நண்பன் குத்துப்பட்டுக் கிடப்பான். ஹீரோ ஓடிவந்து தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். "யாருடா பண்ணது?" "என்னைக் குத்தினது… குத்தினது…" அவ்வளவுதான், தலை சாய்ந்துவிடும். பேரைச் சொல்லிட்டா மீதிப் படத்தை எப்படி ஓட்டுறது?

சரி, அவன் பேரைச் சொல்லிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ஹீரோ கோர்ட்டுக்குப் போய், "சாகறதுக்கு முன்னாடி இன்னார்தான் குத்தினார்னு என்கிட்ட சொன்னான்" என்கிறார். இந்த ஒரு பேச்சை மட்டும் வைத்து ஒருவரை ஆயுள் முழுக்க ஜெயிலில் போட முடியுமா? தூக்குத் தண்டனை கொடுக்க முடியுமா?

இந்தியச் சட்டப்படி முடியும். இதற்குப் பெயர் மரண வாக்குமூலம். ஆனால் அந்த "முடியும்" சும்மா வந்துவிடாது. யார் கேட்டார், எப்படிக் கேட்டார், பக்கத்தில் யார் நின்றார், சொன்னதை அப்படியே எழுதினாரா என்று கோர்ட் வரிசையாகக் கேள்வி கேட்கும். இன்றைக்கு அந்தக் கேள்விகளைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஏன்னா ஒரு நாள், ஒரு ஆஸ்பத்திரியில, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கிறது நீங்களாவோ நானாவோ இருக்கலாம்.

கேள்விப்பட்டதை கோர்ட் கேட்காது, ஆனால்…

முதலில் இது ஏன் ஒரு விதிவிலக்கு என்று பார்த்துவிடலாம். நம் கோர்ட்டுகளில் ஓர் அடிப்படை விதி உண்டு. பார்த்ததைப் பார்த்தவரே வந்து சொல்ல வேண்டும். "அவர் பார்த்ததா என்கிட்ட சொன்னார்" என்றால் அது செவிவழிச் சாட்சியம். சாதாரணமாக அது எடுபடாது.

காரணம் எளிமையானது. சாட்சி கூண்டில் ஏற வேண்டும், சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். "அப்போ இருட்டா இருந்துச்சா? எவ்வளவு தூரத்துல நின்னீங்க? உங்களுக்கும் அவருக்கும் ஏற்கெனவே நிலத் தகராறு உண்டா?" இப்படிக் கேட்கும்போதுதான் பொய்யும் வெளியே வரும், ஞாபகப் பிசகும் வெளியே வரும்.

இறந்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. அப்படியும் அவர் பேச்சைச் சட்டம் ஏற்றுக்கொள்வதற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று, பழைய நம்பிக்கை: சாவின் விளிம்பில் நிற்பவர் வாயில் பொய்யோடு கடவுள் முன்னால் போய் நிற்க மாட்டார். இரண்டாவது, தேவை. பல கொலைகளில் நடந்ததைப் பார்த்த ஒரே ஆள், கொலையானவர்தான். அவர் பேச்சையும் ஒதுக்கிவிட்டால், சாட்சியைக் கொன்றவர் கொன்றதாலேயே தப்பித்துவிடுவார்.

1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இது 32(1) பிரிவு. 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 26(அ) பிரிவு. எண் மாறியிருக்கிறது, சாரம் மாறவில்லை.

"இப்போதைக்கு" என்ற ஒரு வார்த்தை

இங்கிலாந்தில் இந்த விதி ரொம்பக் கறாராக இருந்தது. சொல்கிறவருக்கு, தான் பிழைக்கவே மாட்டோம் என்ற எண்ணம் உறுதியாக இருந்திருக்க வேண்டும். துளி நம்பிக்கை மிச்சமிருந்தாலும் வாக்குமூலம் செல்லாது.

1869-இல் அங்கே ஜென்கின்ஸ் என்பவர் மேல் ஒரு கொலை வழக்கு நடந்தது. ஒரு பெண்ணை ஆற்றில் தள்ளியதாகக் குற்றச்சாட்டு. அந்தப் பெண் சாவதற்கு முன் தந்த வாக்குமூலத்தை ஒரு கிளார்க் எழுதினார். பிழைக்கும் நம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டு அதை அவருக்குப் படித்துக் காட்டினார். அந்தப் பெண் ஒரு திருத்தம் சொன்னார்: "இப்போதைக்கு" என்று சேர்க்கச் சொன்னார். "பிழைப்பேன் என்ற நம்பிக்கை இப்போதைக்கு இல்லை." அந்த ஒரு வார்த்தையில் கொஞ்சம் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, வாக்குமூலம் செல்லாது என்றார்கள் நீதிபதிகள். தண்டனையும் ரத்தானது.

நம் சட்டம் இந்த இடத்தில் வேறு வழியில் போனது. சொல்லும் நேரத்தில் சாவை எதிர்பார்த்தாரா இல்லையா என்பது இங்கே பொருட்டே இல்லை. தன் சாவுக்கான காரணத்தைப் பற்றியோ, அந்தச் சாவில் போய் முடிந்த நிகழ்ச்சியின் சூழ்நிலைகளைப் பற்றியோ அவர் சொல்லியிருந்தால் போதும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு ஒரு வழக்கு சொல்றேன். 1937 மார்ச் மாதம், பித்தாபுரம். இன்றைய ஆந்திராவில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர், முன்பு பியூனாக வேலை பார்த்தவர். அவரிடம் ஒரு தம்பதி கடன் வாங்கியிருந்தார்கள். 20-ஆம் தேதி அவர் தன் மனைவியிடம் சொன்னார்: "பாக்கிப் பணத்தை வாங்கிக்கச் சொல்லி அவங்க வீட்டிலிருந்து கடுதாசி வந்திருக்கு, பெர்ஹாம்பூர் போறேன்." மறுநாள் கிளம்பிப் போனார். 23-ஆம் தேதி பூரி ரயில் நிலையத்தில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கேட்பாரற்று ஓர் இரும்பு டிரங்குப் பெட்டி கிடந்தது. அதற்குள் அவர் உடல், ஏழு துண்டுகளாக.

"போயிட்டு வரேன்"னு மனைவிகிட்ட சொன்னது மரண வாக்குமூலமா? அப்போது அவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். சாவோம் என்று கனவிலும் நினைக்கவில்லை. இதைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல்கள் வாதாடினார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1939-இல் லார்ட் அட்கின் தீர்ப்பு எழுதினார். இவர் கொலை நடந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், ஏன் போகிறார், யார் கூப்பிட்டார் என்பதெல்லாம் அந்தச் சாவின் சூழ்நிலைதான், ஆகவே செல்லும் என்றார். கூடவே ஓர் எல்லையும் போட்டார். அந்தச் சாவோடு நேரடித் தொடர்பில்லாத பொதுவான பயமோ சந்தேகமோ இதில் சேராது. பக்காலா நாராயண சுவாமி வழக்கு என்று சட்டக் கல்லூரியில் படிக்கிற எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும்.

இதை இன்றைக்கு நம் வாழ்க்கையில் வைத்துப் பாருங்க. "இன்னிக்கு சாயந்திரம் அவன் வரச் சொல்லிருக்கான், அந்தப் பணப் பிரச்சினையை முடிச்சிடலாம்னு" என்று ஒருவர் தங்கைக்கு அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜ், வாய்ஸ் நோட். அன்று இரவே அவர் கொலையானால், அந்த மெசேஜும் இந்தப் பிரிவுக்குள் வரலாம். ஆனால் எலெக்ட்ரானிக் ஆதாரத்துக்கு என்று தனியாகச் சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டோமே என்று போனை ரீசெட் செய்துவிடாதீங்க. அசல் போன் அப்படியே இருப்பது முக்கியம்.

பேச முடியாதவர் சொன்னது

பேச்சே வராவிட்டால்? 1885-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி வந்தது. கழுத்து அறுக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணால் பேச முடியவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டபோது கையசைத்துப் பதில் சொன்னார். கேள்வியையும் சைகையையும் சேர்த்துப் பார்த்தால் அது வாய்மொழி வாக்குமூலம்தான் என்று முழு அமர்வு முடிவு செய்தது.

நூற்றிருபத்தேழு வருஷம் கழித்து அதே கேள்வி டெல்லியில் திரும்ப வந்தது. 2012 டிசம்பர் 16 இரவு. நிர்பயா வழக்கு. அந்தப் பெண் மூன்று முறை வாக்குமூலம் தந்தார். முதலில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அந்த இரவே டாக்டரிடம். 21-ஆம் தேதி சப்-டிவிஷனல் மாஜிஸ்ட்ரேட்டிடம். 25-ஆம் தேதி மெட்ரோபாலிட்டன் மாஜிஸ்ட்ரேட்டிடம். கடைசி முறை பேச முடியாத நிலை. சைகையாலும், தாளில் தன் கையால் எழுதியும் பதில் சொன்னார். 29-ஆம் தேதி இறந்துபோனார். முதல் வாக்குமூலத்தில் பெயர்களே இல்லையே, பின்னால் சேர்த்ததுதானே என்று எதிர்த்தரப்பு கேட்டது. நடந்ததன் மையம் மூன்றிலும் ஒத்துப்போகிறது, மற்ற ஆதாரங்களும் அதோடு பொருந்துகின்றன என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் மூன்றையும் ஏற்றுக்கொண்டது.

பாதியில் நின்றால்?

இப்போ அந்த சினிமா சீனுக்குத் திரும்பலாம். உண்மையிலேயே அப்படி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. ஜமைக்காவில். சுடப்பட்ட ஒருவர் வாக்குமூலம் சொல்லிக்கொண்டே வந்து, அவனுக்கு என் மேல் பழைய பகை, ஏன்னா… என்று நிறுத்தினார். கோமாவில் விழுந்தார், மீளவே இல்லை. அந்த "ஏன்னா"வுக்குப் பின்னால் என்ன வந்திருக்கும்? ஒருவேளை மொத்த அர்த்தத்தையும் மாற்றிப்போடும் ஒன்று வந்திருக்கலாம். முடிக்காத வாக்குமூலத்தை ஏற்க முடியாது என்று 1950-இல் பிரிவி கவுன்சில் சொன்னது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் ஊர் வழக்கு ஒன்று இருக்கிறது. முனியப்பன் எதிர் மதராஸ் மாநிலம், 1962. குத்துப்பட்டவர் தந்த வாக்குமூலம் மிகச் சின்னது. இன்ன தேதி, இன்ன நேரம், இன்னார் என்னைக் கத்தியால் குத்தினார். அவ்வளவுதான். சொன்ன கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டார். கைரேகையையே இறந்த பிறகுதான் எடுத்தார்கள். இதைப் போய் யார் நம்புவார்கள்னு தோணும் இல்லையா? உச்ச நீதிமன்றம் நம்பியது. சொல்ல வேண்டியதை அவர் சொல்லி முடித்திருந்தார் என்பதுதான் காரணம். நீளம் முக்கியமில்லை, முழுமைதான் முக்கியம்.

ஒன்றே போதுமா?

1957-இல் குஷால் ராவ் வழக்கு. நாக்பூரில் மில் தொழிலாளர்கள் இருந்த பகுதி, இரண்டு கோஷ்டிகளின் பகை. தாக்கப்பட்டவர் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், சப்-இன்ஸ்பெக்டரிடம், மாஜிஸ்ட்ரேட்டிடம் என்று சில மணி நேரத்துக்குள் மூன்று முறை சொன்னார். அந்தத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய விஷயத்தைத் தெளிவாக்கியது. மரண வாக்குமூலம் உண்மையானது, யாரும் சொல்லிக்கொடுக்காதது என்று கோர்ட்டுக்குத் திருப்தி வந்துவிட்டால், வேறு துணை ஆதாரம் இல்லாமலே தண்டிக்கலாம்.

இதன் கனத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. குறுக்கு விசாரணை செய்ய முடியாத ஒருவரின் பேச்சு, இன்னொருவரைத் தூக்குமேடை வரை கொண்டுபோகலாம். அதனால்தான் கோர்ட் கேட்க முடியாத கேள்விகளை வேறு ஆட்களிடம் கேட்கிறது. இறந்தவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. எழுதியவரை ஏற்றலாம். பக்கத்தில் நின்ற டாக்டரை ஏற்றலாம். இறந்தவருக்கும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கும் முன்பகை இருந்ததா, அவர் சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்றும் எதிர்த்தரப்பு ஆதாரம் காட்டலாம்.

வழக்கமான நடைமுறை இது. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போகும். மாஜிஸ்ட்ரேட் வருவார். நோயாளி சுயநினைவோடு, பேசும் நிலையில் இருக்கிறாரா என்று டாக்டரிடம் கேட்பார். சொந்தக்காரர்களையும் போலீஸையும் வெளியே அனுப்புவார். கேள்வி பதிலாக, முடிந்தவரை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுவார். மாஜிஸ்ட்ரேட் வரும்வரை தாங்காது என்றால் டாக்டர் எழுதலாம், போலீஸ் எழுதலாம், பக்கத்தில் இருக்கும் யாரிடமும் சொல்லலாம். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் புலனாய்வு செய்யும் அதிகாரியே எழுதுவதை ஊக்குவிக்கக் கூடாது என்று 1976-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

டாக்டர் சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதில் கொஞ்ச நாள் குழப்பம் இருந்தது. 1999-இல் உச்ச நீதிமன்றத்திலிருந்தே இரண்டு விதமான தீர்ப்புகள் வந்தன. 2002-இல் லட்சுமண் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது. சான்றிதழ் ஒரு முன்ஜாக்கிரதைதான், அது இல்லை என்பதாலேயே வாக்குமூலம் விழுந்துவிடாது. எழுதிய மாஜிஸ்ட்ரேட், "அவர் தெளிவாகத்தான் இருந்தார்" என்று நேரில் பார்த்துத் திருப்தியடைந்ததாகச் சொல்லி, அதை கோர்ட்டும் நம்பினால் போதும்.

அதே சமயம், பேப்பர் எல்லாம் கச்சிதமாக இருந்தும் விழுந்த வாக்குமூலம் உண்டு. பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கு, 1998-இல் தீர்ப்பு. இரண்டு கட்டைவிரலும் எரிந்துபோயிருந்தன என்று மருத்துவச் சாட்சியம் சொல்கிறது. ஆனால் வாக்குமூலத்தாளில் இருக்கும் கைரேகையில் கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன. எரிந்த விரலில் கோடு எப்படி வந்தது? சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போனது.

"ஸ்டவ் வெடிச்சிடுச்சு"

இனிதான் கஷ்டமான பகுதி. தீக்காயத்தோடு ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். கூட்டிவந்தது கணவன் வீட்டார். "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்று சொல்கிறார். அடுத்த நாள் அம்மா அப்பா வந்த பிறகு, "அவர்தான் மண்ணெண்ணெய் ஊத்தினார்" என்கிறார். ஆக, இரண்டு வாக்குமூலங்கள். எது உண்மை?

முதலில் சொன்னதுதான் உண்மை என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் முதலில் சொன்னபோது கட்டிலுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள்? வீட்டில் ரெண்டு வயசுக் குழந்தை யார் கையில் இருக்கிறது? "நாளைக்கு நான் பிழைச்சுட்டா இதே வீட்டுக்குத்தானே போகணும்" என்ற பயம் இருந்ததா? மறுபக்கமும் யோசிக்கணும். இரண்டாவது முறை, கோபத்திலும் துக்கத்திலும் இருக்கும் பெற்றோர் சொல்லிக்கொடுத்தார்களா? வலிக்கு ஊசி போட்ட மயக்கத்தில், கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாரா?

கோர்ட் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, முதலா இரண்டாவதா என்றும் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் எந்த நிலையில் சொல்லப்பட்டது, மற்ற ஆதாரங்களோடு எது பொருந்துகிறது என்று பார்க்கிறது. மையத்திலேயே முரண்பட்டு, எதை நம்புவது என்றே தெரியவில்லை என்றால் அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. 2023 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்து வழக்கு ஒன்றில் இதைப் பார்த்தோம். தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் தீயில் இறந்த வழக்கு. மரண வாக்குமூலங்களை நம்பி ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. மற்ற சாட்சியங்களோடு அவை பொருந்தவில்லை, அவற்றின் மேல் முழு நம்பிக்கை வரவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

ஆக, "சாகிறவர் பொய் சொல்ல மாட்டார்" என்ற பழைய நம்பிக்கையை மட்டும் வைத்து இந்தச் சட்டம் ஓடவில்லை. சாகிறவர் பயப்படலாம். பிள்ளைக்காக மறைக்கலாம். இருட்டில் ஆளை மாற்றிப் பார்த்திருக்கலாம். கடைசி வார்த்தையின் பலம் பாதி சொல்கிறவரிடம் இருக்கிறது, பாதி கேட்கிறவரிடம் இருக்கிறது.

கட்டிலுக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்தால்

முதல் வேலை உயிரைக் காப்பாற்றுவது, அதில் சந்தேகமே வேண்டாம். அதற்கு அடுத்து இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க. "அவன்தானே பண்ணான்?" என்று கேட்காதீங்க. பேரை நீங்கள் வாயில் போட்டுவிட்டால், அது உங்கள் பேச்சாகிவிடும். "என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேளுங்க. அவர் ஏதாவது சொன்னால், அவர் வார்த்தையிலேயே, நேரத்தோடு, உடனே குறித்து வையுங்க. அலங்காரம் வேண்டாம், விட்டதை நிரப்ப வேண்டாம். டாக்டரிடம், "இவங்க ஏதோ சொல்ல நினைக்கிறாங்க, மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் கொடுங்க" என்று சொல்லுங்க. மாஜிஸ்ட்ரேட் வந்ததும் நீங்கள் வெளியே போய்விடுங்க. அம்மாவாக இருந்தாலும் சரி, அண்ணனாக இருந்தாலும் சரி. நீங்கள் உள்ளே நின்றால், "சொல்லிக்கொடுத்தது" என்று நாளைக்கு ஒரு வக்கீல் சொல்வதற்கு நீங்களே வழி செய்துவிடுவீங்க.

அவர் பிழைத்துவிட்டால்? அதைவிட நல்ல செய்தி என்ன இருக்கு? அப்போது அந்தத் தாள் மரண வாக்குமூலமாக நிற்காது. அவரே கூண்டில் ஏறித் தன் வாயால் சொல்லலாம். முன்பு சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க அந்தத் தாள் உதவும்.

பிழைக்காமல் போனால், பல வருஷம் கழித்து ஏதோ ஒரு கோர்ட்டில் ஒரு நீதிபதி அந்தத் தாளைப் பிரித்துப் படிப்பார். அவருக்குக் கேட்கப்போகும் குரல் அது ஒன்றுதான். அதில் உங்கள் குரல் கலக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். பத்திரமா இருங்க.